இரண்டு கார்டு, ஒரு சின்னப் பெட்டி, 32,700 ரூபாய்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சின்ன கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றுக்குள் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு, பாதி வேலையில் அணையாமல் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர எனக்குப் பொங்கலில் தொடங்கிக் கத்திரி வெயில் வரை ஆனது. கார்டு விலையைச் சேர்க்காமல், சுத்தமாகத் தண்டம் போனது ரூ.32,700. கேட்பதற்கும் ஆளில்லை. நண்பர்கள் எல்லோரும் ஒரு கார்டுக்காரர்கள். “ரெண்டு எதுக்குடா?” என்பதோடு அவர்கள் ஆலோசனை முடிந்துவிடும். அந்தப் பணத்தில் பெரும்பகுதியை, காசே இல்லாமல் ஒரு ஸ்லைடரை இடது பக்கம் இழுத்திருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அதைக் கடைசியில்தான் செய்தேன். வரிசையாகவே சொல்கிறேன்.

நான் அம்பத்தூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்தது போலக் காட்டும் வாக்-த்ரூ வீடியோதான் தொழில். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அதற்குள்ளேயே இருக்கும் சைக்கிள்ஸ் வழியாக ரெண்டர், அதாவது ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரே கணக்கிட்டு வரைவது. முப்பது விநாடி வீடியோ என்றால், விநாடிக்கு 24 படம் வீதம் 720 படம். என்னிடமிருந்த ஒரே கிராஃபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 3090, ஒரு படத்துக்கு ஏழரை நிமிடம் எடுத்தது. மொத்தம் 90 மணி நேரம். நாலு நாள் இரவு பகலாக ஓடி முடிந்த பிறகு பில்டர் நிதானமாக, “அந்த சோபா கலரை மட்டும் மாத்திடலாமே சார்” என்பார். அப்போது வரும் கோபத்தில் எடுத்த முடிவுதான் இரண்டாவது கார்டு.

சைக்கிள்ஸ் ஒரே படத்தை இரண்டு கார்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும், வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இது உண்மை. ஆனால் கார்டுக்கு 24 ஜிபி மெமரி, இரண்டும் சேர்ந்து 48 ஆகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். காட்சி முழுவதும் இரண்டு கார்டிலும் தனித்தனியாக ஏறும். ஒன்றில் கொள்ளாத காட்சி இரண்டிலும் கொள்ளாது. 3090-இல் இரண்டையும் இணைக்கும் என்விலிங்க் பாலம் உண்டு, ஆனால் அதற்கு இரண்டு கார்டும் பக்கத்தில் பக்கத்தில், சரியான இடைவெளியில் நிற்க வேண்டும். என் பெட்டியில் அதற்கெல்லாம் வழியில்லை. ஏஐ மொழி மாடல் ஓட்டுகிறவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் மாடலைத் துண்டாக்கி இரண்டு கார்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் பெரிய கேபினெட் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். என் அறை பத்துக்குப் பத்து. அதில் கட்டில், பீரோ, அம்மாவின் தையல் மெஷின் போக மிச்சமிருக்கும் மூலையில்தான் மேசை. சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் 43 செ.மீ. நீளம், 38 உயரம், 29 அகலமுள்ள பெட்டி உட்காரும். அதற்கு மேல் ஒரு விரல் கடை கிடையாது. மதர்போர்டு ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மறுபக்கம் என்று இரண்டு அறையாகப் பிரிந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட் அது, சின்ன மதர்போர்டுக்கானது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கார்டை ரிச்சி தெருவில் பழைய கார்டாக வாங்கினேன், ரூ.62,000. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் மைனிங் முறையைக் கைவிட்டதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கடைக்காரர், “மைனிங் எல்லாம் இல்ல சார், ஒரு பையன் கேம் ஆடினது” என்றார். கார்டின் முதுகுத் தகடான பேக்பிளேட் ஓரத்தில் எண்ணெய் கசிந்த தடம் பளபளத்தது. பல மாதம் சூட்டில் வெந்த தெர்மல் பேடிலிருந்து (சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்தை) சிலிக்கான் எண்ணெய் இப்படித்தான் வெளியே வரும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதைத் துணியால் துடைத்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன். கடையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். கோர், அதாவது கார்டின் முக்கிய சிப், 70 டிகிரி. எனக்குத் திருப்தி. நான் பார்க்க வேண்டிய எண் அதுவே இல்லை.

பழைய 3090 வாங்கப் போகிறவர்கள் ஒரு பென் டிரைவில் கார்டின் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு எடுத்துப் போங்கள். அதில் ‘மெமரி ஜங்ஷன்’ என்று ஒரு வரி வரும். இந்தக் கார்டில் 24 மெமரி சிப் இருக்கின்றன, முன்பக்கம் 12, பின்பக்கம் 12. முன்பக்கத்துக்கு ஹீட்சிங்க்கும் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை) ஃபேனும் இருக்கின்றன. பின்பக்கத்துக்குப் பெரும்பாலான கார்டுகளில் வெறும் பேக்பிளேட் தகடுதான். மெமரி 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோர் 70-இல் சாதுவாக இருக்கும்போதே மெமரி 108-இல் தவித்துக்கொண்டிருக்கலாம். இருபது நிமிடமாவது ஓட்டி அந்த வரியைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது அளவு. கேபினெட் அட்டையில் ‘330 மி.மீ. வரை கார்டு போகும்’ என்று போட்டிருந்தது. என் கார்டுகள் 318. சரி, போகும் என்று முடிவு கட்டிவிட்டேன். நீளத்தை மட்டும் பார்த்தவன் நான். தடிமனையும் பார்க்க வேண்டும், கேபிள் வளையும் இடத்தையும் பார்க்க வேண்டும். கார்டைச் செருகும் ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20.32 மி.மீ. என் மதர்போர்டில் முதல் பெரிய ஸ்லாட் முதல் வரிசையில், அடுத்த பெரிய ஸ்லாட் நாலாவது வரிசையில். இடையில் 61 மி.மீ. கார்டின் தடிமன் 55. மிச்சம் ஆறே மில்லிமீட்டர். மேல் கார்டின் ஃபேன்களுக்கும் கீழ் கார்டின் பேக்பிளேட்டுக்கும் நடுவே தீப்பெட்டியைப் படுக்க வைத்தால்கூட நுழையாது.

உள்ளே போனதே பெரிய விஷயம் என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். கண்ணாடிக் கதவைச் சாத்தப் போனால், கார்டின் மேல் விளிம்பில் செருகிய பவர் கேபிள்கள் ஒரு சென்டிமீட்டர் முட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடியால் அழுத்திச் சாத்தினேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இணைப்பின் வாயிலேயே கேபிளை மடக்கினால் உள்ளே பின்கள் சாய்ந்து, தொடுப்பு தளர்ந்து, பிளாஸ்டிக் உருக வாய்ப்புண்டு. பிளக்கிலிருந்து மூன்று செ.மீ.யாவது நேராக வந்த பிறகே கேபிள் வளைய வேண்டும். மூன்று நாள் கழித்துக் கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். எலி வராமலிருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்து, “இதுக்கா அறுபதாயிரம்?” என்று கேட்டார்.

பொங்கல் சமயம். அறை 27 டிகிரி. கீழ் கார்டு கோர் 71, மெமரி 96. மேல் கார்டு கோர் 82, மெமரி 104. ஒரே மாதிரி இரண்டு கார்டு, ஒரே வேலை, ஏன் பதினொரு டிகிரி வித்தியாசம்? யோசித்தால் ரொம்ப எளிது. கீழ் கார்டு பெட்டிக்கு அடியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றை இழுக்கிறது. மேல் கார்டு மூச்சு இழுப்பது கீழ் கார்டின் முதுகிலிருந்து. அந்த முதுகில்தான் 12 மெமரி சிப் கொதிக்கின்றன. அடுப்பு மேல் அடுப்பு வைத்தது போல. அப்போது எனக்கு இது புரியவில்லை. பிராசஸர் கூலர் போதவில்லை போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

அதனால் வாங்கியது ஒரு லிக்விட் கூலர், ரூ.8,200. முழுத் தண்டம். கிராஃபிக்ஸ் கார்டில் ரெண்டர் ஓடும்போது பிராசஸர் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும், அதற்கு எதற்கு ராஜ உபசாரம்? அதோடு, கூலரின் ரேடியேட்டரைப் பெட்டியின் கூரையில் மாட்டினேன். சூடான காற்று வெளியே போக இருந்த ஒரே பெரிய வாசலைக் கையாலேயே அடைத்த கதை. மெமரி இரண்டு டிகிரி ஏறியது. ஒரு வாரம், ‘செட் ஆக நாள் ஆகும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் வந்தது. அறை 33. மேல் கார்டின் மெமரி பத்தே நிமிடத்தில் 110-ஐத் தொட்டு, வேகம் 1,700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,300-க்கு இறங்கியது. சரி, மெதுவாகவாவது முடியட்டும் என்று ஒரு பில்டரின் வேலையை ஓட்டிவிட்டுப் படுத்தேன். வெள்ளிக்கிழமை அவர்கள் விற்பனை தொடக்க விழா. அதில் திரையில் போட வேண்டிய வீடியோ. புதன் இரவு இரண்டு மணி சுமாருக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் பெட்டி இருட்டு. பட்டனை அழுத்தினால் அசையவில்லை. பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டதும் உயிர் வந்தது. மறுபடி ஓட்டினேன், நாற்பது நிமிடத்தில் மறுபடி ‘டக்’.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நான் படம் படமாகச் சேமிக்காமல் நேரடியாக வீடியோ கோப்பாகவே ரெண்டர் செய்துகொண்டிருந்தேன். பாதியில் அணைந்ததும் கோப்பு திறக்கவே இல்லை. முப்பது மணி நேர வேலை போச்சு. பிஎன்ஜி படங்களாகச் சேமித்திருந்தால் ஒரே ஒரு படம்தான் போயிருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். பத்து வருடமாகத் தொழில் செய்கிறவன் இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. வீடியோ ஞாயிற்றுக்கிழமைதான் கைக்குப் போனது. பில்டர் சத்தம் போடவில்லை, பில்லில் ரூ.15,000 குறைத்துவிட்டார். சத்தம் போட்டிருக்கலாம்.

அணைந்தது சூட்டினால் என்றுதான் ஒரு வாரம் நம்பினேன். இரண்டு அறிகுறிகளை வைத்துப் பின்னால் தெளிந்தேன். சூடு அதிகமானால் கார்டு முதலில் வேகத்தைக் குறைத்துத் தள்ளாடும். அதை எண்ணிலேயே பார்க்கலாம். இது அப்படியில்லாமல், எல்லாம் நன்றாக ஓடும்போதே விளக்கை அணைத்தது போல நின்றது. அதுவும் பெரும்பாலும் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியில். சுமை ஒரேயடியாக ஏறும் நொடி அது. 3090-இன் அட்டையில் 350 வாட் என்று இருந்தாலும், கண் இமைப்பதற்குள் 500-ஐத் தாண்டிக் குதித்து இறங்கும். இரண்டு கார்டும் ஒரே நொடியில் குதித்தால்? என் 850 வாட் எஸ்எம்பிஎஸ், ‘இது ஷார்ட் சர்க்யூட் போலிருக்கிறது’ என்று தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டு அணைந்தது. அதன் மேல் தப்பில்லை.

850 வாட்டை ரூ.4,500-க்குக் கொடுத்தேன், வாங்கியது 9,500-க்கு. அதில் ஐயாயிரம் நஷ்டம். புதிதாக 1,200 வாட், ஏடிஎக்ஸ் 3.0 என்று போட்டது, ரூ.19,800. 2022-இல் வந்த அந்த 3.0 விதி இந்தக் குதிப்புகளைத் தாங்க வேண்டும் என்றே எழுதப்பட்டது, அதனால் இரண்டு கார்டு என்றால் அதைத் தேடி வாங்குவது நல்லது. இன்னொன்று, ஒரு கேபிளில் இரண்டு தலை தொங்கும் இணைப்பை வைத்து ஒரு கார்டை ஒப்பேற்றாதீர்கள். எட்டு பின் பிளக் ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். என் கார்டு ஒன்றுக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் நாலு கேபிள். யுபிஎஸ்ஸும் கவனம். என்னுடையது 1,000 விஏ. அதை ஆயிரம் வாட் என்று நினைத்திருந்தேன், அடியில் ஒட்டியிருந்த தாளில் 600 வாட் என்று சின்ன எழுத்தில் இருந்தது. பெட்டியை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். மானிட்டரும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் அதில் இருக்கின்றன.

அணைவது நின்றது. சூடு நிற்கவில்லை. அடுத்து தெர்மல் பேட் மாற்றுவது என்று இறங்கினேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கார்டைக் கொன்றுவிடக்கூடிய இடம் இதுதான். பேட் என்பது சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உட்காரும் மெத்தை. எந்த இடத்தில் எத்தனை மி.மீ. என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். ஒரே 3090 என்ற பெயரில் வந்தாலும் மாறும். நான் ‘தடிமனாக இருந்தால் நல்லா அழுத்தும்’ என்று எல்லா இடத்துக்கும் 2 மி.மீ. வாங்கினேன், ரூ.2,600. கார்டைப் பிரித்தேன். ஃபேன் வயரின் குட்டிப் பிளக்கை வயரைப் பிடித்து இழுக்காமல், நகத்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பிக் கழற்ற வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்தேன். பழைய பேடுகள் அப்பளம் போல நொறுங்கின. கேம் ஆடிய பையன் பாவம், இரண்டு வருடம் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

மாட்டி ஓட்டினால், ஒரே நிமிடத்தில் கோர் 90, ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி) அதற்கும் எங்கோ மேலே. நெஞ்சு பக்கென்றது. நடந்தது இதுதான்: மெமரியின் மேல் மெத்தை தடிமனாகிவிட்டதால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நின்றது, நடுவிலிருக்கும் முக்கிய சிப்பின் மேல் சரியாகப் படியவில்லை. கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் வழக்கமாகப் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். மாட்டியவுடன் அதைவிட நிறைய இடைவெளி காட்டினால் உடனே நிறுத்திவிட்டுத் திரும்பப் பிரியுங்கள். எடுத்த பழைய பேடுகளில், சிப் அழுத்தாத ஓரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். முன்பக்கம் 1.5, பின்பக்கம் 2. முன்னாலேயே அளந்திருந்தால் 2,600 மிச்சம். சரியான பேடும், முக்கிய சிப்பின் மேல் புதுத் தெர்மல் பேஸ்ட்டும் போட்டதும் மெமரி 14 டிகிரி இறங்கியது. பிரித்த உழைப்புக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் கோர் இன்னும் 84-இலேயே நின்றது, ஃபேன்கள் ஊளையிட்டன.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, வேறு வழி தோன்றாமல், கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து பவர் லிமிட் என்ற ஸ்லைடரை 100-லிருந்து 70-க்கு இழுத்தேன். 350 வாட் கார்டு 245-க்கு மேல் குடிக்காது என்று அர்த்தம். வேகமும் முப்பது சதவீதம் விழும் என்ற பயத்தில்தான் இத்தனை நாள் அதைத் தொடவில்லை. ஒரே படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முன்பு 3 நிமிடம் 52 விநாடி. இப்போது 4 நிமிடம் 12 விநாடி. இருபது விநாடி. இரண்டு கார்டுக்கும் சேர்த்து 210 வாட் குறைந்ததற்கு நான் கொடுத்த விலை அவ்வளவுதான். மேல் கார்டின் கோர் 84-லிருந்து 76-க்கு வந்தது, ஃபேன் சத்தம் அடங்கி, பக்கத்து அறையில் ஓடும் டிவி கேட்டது. கார்டை விற்பனைக்கு அனுப்பும்போது கடைசிச் சொட்டு வேகம் வரை பிழிந்துதான் அனுப்புகிறார்கள். கடைசி நூறு வாட் கொடுக்கும் வேகம் ரொம்பக் கொஞ்சம், கிளப்பும் சூடு ரொம்ப அதிகம்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. லிக்விட் கூலர், பேட், பில்டர் பிடித்த பதினைந்தாயிரம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு கார்டு மாட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. திருகாணியை முறுக்கும் முன் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒன்று, ஆஃப்டர்பர்னர் விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும்படியும், அந்த அமைப்பைத் தானே திரும்பப் போடும்படியும் டிக் செய்து வையுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி, நான் கவனிக்காமல் இரவு முழுக்க 350-இலேயே ஓடியிருக்கிறது. குதிப்புகள் இதனால் குறையும், அடியோடு போகாது. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன்.

கத்திரி தொடங்கியது. பகலில் அறை 37. எண்கள் எல்லாம் அப்படியே மேலே ஏறின. அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும், அதில் தள்ளுபடி கிடையாது. ஆறு மில்லிமீட்டர் இடைவெளியை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. இரண்டு கார்டையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒன்று ஸ்லாட்டிலேயே இருக்கட்டும். இன்னொன்றைப் பெட்டியின் முன்பக்கம், வலைக்குப் பின்னால், செங்குத்தாக நிற்க வைப்பது, ஃபேன்கள் வெளியே பார்க்க. அப்போது இரண்டுக்கும் தனித்தனி வாசல். முன் கார்டு முன்வலை வழியாக இழுக்கும், உள் கார்டு அடியிலிருக்கும் இரண்டு ஃபேன் வழியாக இழுக்கும். லிக்விட் கூலரைக் கழற்றிவிட்டுப் பழைய சின்னக் கூலரை மாட்டினேன். கூரை திறந்தது. கணக்குப் போட்டால் 31.8 செ.மீ. கார்டு, 5.5 செ.மீ. கார்டு, நடுவில் மூன்று செ.மீ. போக 43-க்குள் அடங்கியது. உயரத்திலும் 38-க்குள் 31.8 நின்றது.

முன் கார்டை மதர்போர்டோடு இணைக்க ரைசர் கேபிள் வேண்டும். ரூ.1,900-க்கு ஒன்று வாங்கினேன். மாட்டினால் கார்டு சில சமயம் தெரிகிறது, சில சமயம் காணோம், தெரிந்தாலும் ரெண்டர் தொடங்கியதும் திரை கறுப்பு. கேபிள் சரியில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரூ.5,400-க்கு இன்னொன்று வாங்கினேன். அது வேலை செய்தது. ஒரு மாதம் கழித்துத்தான் படித்தேன்: முதல் கேபிள் மூன்றாம் தலைமுறை வேகத்துக்கானது, என் மதர்போர்டு நான்காம் தலைமுறை வேகத்தில் பேச முயன்றிருக்கிறது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டை ‘ஜென் 3’ என்று மாற்றினால் போதும். மாற்றிப் பார்த்தேன், அந்த 1,900 ரூபாய் கேபிள் கமுக்கமாக ஓடியது. இப்போது டிராயரில் தூங்குகிறது. அந்த இரண்டாவது ஸ்லாட் பார்க்க முழு நீளம், உள்ளே தகவல் போகும் பாதை, அதாவது லேன், நாலுதான். ரெண்டருக்கு அது பெரிய குறையில்லை. காட்சி ஏறும்போது ஐந்தாறு விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டு கார்டும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய வேலை உங்களுடையது என்றால் மதர்போர்டை வாங்கும்போதே லேன் கணக்கைப் பாருங்கள்.

கார்டை நிறுத்த ஸ்டாண்ட் எதுவும் என் பெட்டிக்குப் பொருந்தவில்லை. தெருமுனையில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறைக்கு அளவை எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் கார்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஏசி அவுட்டோர் குட்டி போட்ட மாதிரி இருக்கு?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் எல் ஆங்கிள் இரண்டை வெட்டி, துளை போட்டு, கார்டு உட்காரும் இடத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் கறுப்பு ரப்பர் பீடிங்கைச் செருகிக் கொடுத்தார். “அதிர்ந்தா சத்தம் வராது, தகடும் உரசாது.” ரூ.350. இந்த நாலரை மாதத்தில் நான் செலவு செய்ததிலேயே உருப்படியான காசு அதுதான். துளை போடுவதைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சீவல் ஒன்று போர்டில் விழுந்தால் போதும். கார்டின் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல். அது ஆங்கிளின் மேல் உட்கார வேண்டும், ரைசரைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

இப்போது கண்ணாடிக் கதவு மூடுகிறது. ஏசி போட்டு அறை 28-இல் இருந்தால், உள் கார்டு கோர் 67, மெமரி 84. முன் கார்டு 64, 82. பெட்டியை அலமாரிச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன், முதலில் பின்பக்கம் சுவரை ஒட்டியே இருந்தது. கூரையிலிருந்து வரும் சூடு மேல்தட்டில் முட்டித் திரும்புகிறது என்று, தச்சரிடம் சொல்லி அந்தத் தட்டில் ஒரு வட்டம் வெட்டியாயிற்று. அதன் மேல் இருந்த அம்மாவின் பழைய ஆல்பங்கள் பீரோவுக்குப் போயின. அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆனால் பெட்டியிலிருந்து சூட்டை வெளியேற்றுவது பாதி வேலைதான், அது அறையிலேயேதான் சுற்றுகிறது. பவரைக் குறைத்த பிறகும் அறுநூற்றுச் சொச்சம் வாட், இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்க முக்கால்வாசி சூட்டில் வைத்திருப்பது போல. ஒரு டன் ஏசி மூன்றரை கிலோவாட் வரை சூட்டை இறைக்கும், அதனால் சமாளிக்கிறது. எங்கள் இரண்டு மாத மின் கட்டணம் மூவாயிரத்துச் சொச்சத்திலிருந்து ஏழாயிரத்தைத் தாண்டியது. விலை பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒரு வீடியோவுக்குக் கரண்டுக்கென்றே தனியாக ஒரு தொகை வைக்கிறேன். பெரிய ரெண்டர்களை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் விடுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்வலையைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டருக்குத் தோண்டிய மண் இன்னும் பறக்கிறது, இரண்டே வாரம் விட்டால் மெமரி நாலு டிகிரி ஏறிவிடுகிறது.

இடம் இருக்கிறவர்கள் பெரிய கேபினெட் வாங்கிவிடுங்கள், இந்த வித்தையெல்லாம் வேண்டாம். என்னைப் போல அலமாரித் தட்டுதான் கதி என்றால், இரண்டு ஸ்லாட் தடிமனில் வரும் புளோயர் ரகக் கார்டுகளைத் தேடிப் பாருங்கள். அவை சூட்டைப் பெட்டிக்குள் விடாமல் பின்பக்க ஓட்டை வழியாக வெளியே ஊதிவிடும். சத்தம் மட்டும் மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கும். அது பிடிக்காமல்தான் நான் மூன்று ஃபேன் கார்டுக்குப் போனேன்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. முன் கார்டு முழுச் சுமையில் ‘ஙீ’ என்று கொசு பாடுவது போல ஒரு மெல்லிய சத்தம் போடுகிறது, காயில் வைன் என்பார்கள். வலைக்குப் பின்னாலேயே நிற்பதால் நேராக என் காதுக்கு வருகிறது. கார்டுக்கு ஆபத்தில்லை. பவரை 65-க்கு இறக்கினால் பாதி அடங்குகிறது, படத்துக்கு இன்னும் பத்து விநாடி போகிறது. பகலில் 70, நான் தூங்கும்போது 65. லிக்விட் கூலர் பரண் மேல் அட்டைப் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஆறாயிரத்துக்குத் தருகிறேன், பேசினால் ஐந்தரை.